ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்த கேரவன்

சேசு மரி சூசை துணை

மஞ்சக்குப்பம், கடலூர்.
மழை கொஞ்சம் விட்டிருக்கும் வியாழக்கிழமை காலை.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மச்சான் ராபர்ட் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் அந்தோணிசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். சிதம்பரத்தில் தாங்களும் அக்காவும் நலமாக இருக்கவும், இந்த ஈரத்தில் அக்காவின் முழங்கால் வலி ஜாஸ்தி ஆகாமல் இருக்கவும் ஆண்டவரை மன்றாடுகிறேன். பத்து நாளாகத் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி இசைவாணியும் நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. மேலே நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக.

வாட்ஸப் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். என்ன செய்வது மச்சான், அவளுக்குப் போன் செய்தால் "வண்டி கெளம்பிடுச்சா?" என்று ஒரே கேள்வி கேட்கிறாள், இல்லை என்று நான் இழுப்பதற்குள் வைத்துவிடுகிறாள். தங்களுக்குப் போன் செய்தாலும் அவள்தான் எடுக்கிறாள். அதனால்தான் தங்கள் பெயருக்கு உறை எழுதி, உள்ளே இருப்பதைத் தாங்கள் மட்டும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விஷயம் இதுதான். அந்த வண்டியை நான் விற்கப் போகிறேன். இதைப் பக்குவமாக அவளிடம் எடுத்துச் சொல்லி, அவளை வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். இந்த வீட்டில் அவள் இல்லாமல் எனக்கு ஓடவில்லை. ரசம் வைத்தால் ரசம் மாதிரி இல்லை, ஜெபம் சொன்னால் பாதியில் யாராவது பதில் சொல்வார்களா என்று காத்திருந்து மறந்துபோகிறேன்.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் தாங்கள் அவளிடம் எனக்காகப் பரிந்து பேச முடியும். தங்களுக்கே தெரியும், நான் வருவாய்த் துறையில் இருந்தவன், அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். எனக்கு லீவு கிடைத்தால் அவளுக்கு நைட் டியூட்டி, அவளுக்கு லீவு கிடைத்தால் கடலூருக்குப் புயல். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்ம கடல்ல சூரியன் மேல வர்றதயே பாத்துப் பாத்து சலிச்சிப்போச்சிங்க, கீழ எறங்குறத ஒரு நாள் பாக்கணும்" என்பாள். அதற்கு மேற்குக் கரைக்குப் போக வேண்டும். ரயிலில் போனால் திரும்பி வரும் தேதி போட்டுத்தான் டிக்கெட் எடுப்பீர்கள், நான் வரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள். ஆகவே ஓய்வு பெற்ற கையோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய வேனை வாங்கி, சீட்டுகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, கட்டில், அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், அவளுக்கு வெக்கை ஆகாது என்பதால் ஒரு ஏசி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றினேன். தெருவில் எல்லோரும் சினிமாக்காரர் வண்டி என்று வந்து பார்த்தார்கள். அருமையான வண்டிதான் மச்சான், குறை சொல்ல முடியாது, ஏசி ஓடாது என்பதைத் தவிர.

சோதனை ஓட்டமாக மே மாதம் கிள்ளைக்குப் போய், நல்ல மரநிழலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஏசியைப் போட்டு, தயிர்சாதத்தைப் பிரித்தோம். தொட்டுக்கொள்ள மாவடு எடுப்பதற்குள் ஏசி நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, விளக்கு மங்கியது, வண்டியைக் கிளப்பலாம் என்று சாவியைத் திருகினால் அதுவும் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. இசைவாணி முந்தானையால் விசிறிக்கொண்டே சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் நான் லித்தியம் பேட்டரியின் பக்கமே போயிருக்க மாட்டேன்.

புவனகிரியில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கும் செந்தமிழ்செல்வனைத் தங்களுக்குத் தெரியும், நம் பெரியம்மா வழியில் உறவு. போன் செய்ததும் அவன்தான் உடனே வந்து வண்டிக்குள் ஏறிப் பார்த்தான். "மாமா, இது ஈயப் பேட்டரி. வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்குத்தான் லாயக்கு. பாதிக்கு மேல எடுத்தா அதுவே படுத்துடும். லித்தியம் போடுங்க. எட கம்மி, தண்ணி ஊத்த வேணாம், கடைசி வரைக்கும் அசராம குடுக்கும். காஷ்மீர் வரைக்கும் அத்த போர்வ போத்திக்கிட்டே போவலாம்" என்றான். காஷ்மீர் வேண்டாம்பா, கோவா போதும் என்றேன். பேட்டரி வந்தது. நல்ல பெரிய டிரங்குப் பெட்டி அளவில், நீல நிறத்தில், மூடி ஒன்றும் இல்லாமல் வழவழவென்று இருந்தது. நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு இருபது வருடமாக மாதா மாதம் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிப் பழகிய கை, அதன் நான்கு பக்கமும் திருகு தேடித் தேடி ஓய்ந்துபோனது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன் மச்சான். தங்கள் வீட்டுக்கு வண்டியைக் காட்ட வந்துகொண்டிருந்தபோது புதுச்சத்திரம் தாண்டியதும் கருகிய வாடை வந்தது. கேட்டால், லித்தியம் குடிக்கிற வேகத்துக்கு வண்டி டைனமோவால் ஊற்ற முடியவில்லையாம், அது சூடாகித் தீய்ந்துபோனதாம். இரண்டுக்கும் நடுவில் நிதானமாக ஊற்ற ஒரு பெட்டி போட வேண்டும் என்றான், போட்டோம். அந்தப் பெட்டிக்கு இருக்கிற ஒயர் ஒல்லி, கட்டைவிரல் தடிமனுக்கு வேண்டும் என்றான், தரையைப் பெயர்த்து அதையும் போட்டோம். பழைய இன்வெர்ட்டர் இந்தப் பேட்டரிக்கு ஆகாது என்றான். இவ்வளவும் செய்துவிட்டு சோலார் போடாமல் விடுவது பொண்ணுக்கு நகையெல்லாம் போட்டுத் தோட்டை மறந்த மாதிரி என்றான். கூரை மேல் பலகை பலகையாக ஏற்றினோம். ஒரு பேட்டரியை மாற்றப் போய், அந்தப் பேட்டரிக்குத் தகுந்தபடி வண்டியையே மாற்றினோம். கடைசியில் பார்த்தால் கூரை உயர்ந்துபோய், எங்கள் வீட்டு வாசல் வளைவுக்குள் வண்டி நுழையவில்லை. வளைவை இடிக்கலாம் என்றேன். முதல் முறையாக இசைவாணி வாய் திறந்து, "வளைவ இடிச்சா அடுத்தது வூட்ட இடிப்பீங்க, தெருவுலயே நிக்கட்டும்" என்றாள். வண்டி தெருவில் நின்றது. என் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பம்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று போனிலேயே பார்க்க ஒரு ஆப் கொடுத்தான். காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பேன், பூசைக்குப் போகும்போது பார்ப்பேன், பிரசங்கத்தின் நடுவில் ஒரு தடவை பார்ப்பேன். "என் மொகத்த இத்தன தடவ பாத்திருந்தா நான் எப்பவோ கோவாவ மறந்திருப்பேன்" என்றாள் இசைவாணி. அந்த ஆப்புக்குப் பாஸ்வேர்டு வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அருள்முருகன் போனிலும் அது திறந்துகொண்டது. நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் மாடியிலிருந்து "மாமா, தொண்ணூத்திரெண்டு" என்பான். எதிர்வீட்டில் கேட்டு, "தொண்ணூத்திரெண்டாம், பரவால்லயே" என்பார்கள். இப்படி என் வண்டியில் எவ்வளவு கரண்ட் இருக்கிறது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது.

கிளம்பத் தேதி குறித்தோம். முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டாள், கட்டிலுக்குப் புது விரிப்பு தைத்துப் போட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் புயல் வந்தது. கடலூரில் கிளம்பத் தேதி குறித்தால் புயல் வராமல் என்ன செய்யும். கரண்ட் போய்விட்டது. எங்கள் பக்கத்துப் பழக்கம் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டில் விளக்கு எரிகிறதோ அந்த வீட்டுக்குத் தெருவே சார்ஜரோடு வந்துவிடும். வந்தார்கள். போன்கள் வந்தன, எமர்ஜென்சி லைட்டுகள் வந்தன, அரிசி உளுந்தை ஊறப்போட்டுவிட்டோம் என்று கிரைண்டரையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் கொடுத்தோம், இசைவாணியும் முகம் கோணாமல் பிளக்கை மாற்றி மாற்றிச் சொருகினாள். அந்த மழையில்தான் அருள்முருகனின் அப்பா தவறினார். ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தவர். மூத்த மகன் மஸ்கட்டிலிருந்து வர வேண்டும், விமானம் இல்லை. ஐஸ் பெட்டிக்காரர் வந்து பெட்டியை இறக்கிவிட்டு, "கரண்ட் நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டார். ஜெனரேட்டர் ஊரில் ஒன்றுகூட மிச்சமில்லை. என்னிடம் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை மச்சான். கேட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பேன். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானே ஒயரை இழுத்துப் பெட்டியில் சொருகினேன். அப்படியே ராஜா மாதிரி ஓடியது. மழையில் சோலார் தூங்கியது, எஞ்சினை ஓட்டி ஓட்டி ஏற்றினேன். மகன் வந்து முகம் பார்க்கும் வரை பெட்டி ஒரு நிமிடம் நிற்கவில்லை. இசைவாணிதான் துக்க வீட்டுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அதுவரைக்கும் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் இல்லை.

இதைச் செந்தமிழ்செல்வன் போட்டோ எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். வண்டி, ஒயர், ஐஸ் பெட்டி, மாலைகள் எல்லாம் தெரிகிற மாதிரி. கீழே "நமது லித்தியம் சிஸ்டம், இரவு பகல் இடைவிடாத சேவை" என்று எழுதி, என் போன் நம்பரையும் போட்டிருந்தான். மறுவாரம் நாங்கள் கிளம்ப இருந்த நாளில் புவனகிரியிலிருந்து ஒருவர் அழுதுகொண்டே கூப்பிட்டார். ஆற்றோரமெல்லாம் தண்ணீர், கம்பம் சாய்ந்துவிட்டது, அம்மா தவறிவிட்டார் என்றார். நான் என்ன சொல்ல முடியும். கோவா போகிறேன் என்று சொல்ல முடியுமா. போனேன். அங்கே வண்டியை நிறுத்தியதும் வீட்டுப் பெண்கள் உள்ளே ஏறிச் சேலை மாற்றிக்கொண்டார்கள், வயதானவர்கள் ஏசியில் கொஞ்சம் அழுதுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்கள், வந்த பிள்ளைகள் முறுக்கைத் தின்று தீர்த்தார்கள். துக்கத்தில் பசி எடுக்கும், தப்பில்லை. ஆனால் திரும்பி வரும்போது வண்டியின் பக்கவாட்டில் யாரோ கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். சுரண்டினேன், வெந்நீர் ஊற்றினேன், மண்ணெண்ணெய் தடவினேன். தேதி மட்டும்தான் போனது. அந்த அம்மாள் இன்னமும் என் வண்டியிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு வண்டியை எங்கே எடுத்துக்கொண்டு போனாலும் "யார் வூட்ல?" என்று கேட்கிறார்கள். காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு எழுந்து நிற்கிறார். இதில் நான் செய்த பெரிய பைத்தியக்காரத்தனம், என்னோடு வேலை பார்த்த கலைமணியை நலம் விசாரிக்கப் போனது. அவருக்கு லேசாக நெஞ்சுவலி வந்து, சரியாகி, வீட்டில் படுத்திருந்தார். அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஆரஞ்சுப் பழப் பையோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். வெளியே சத்தம் கேட்டது. பார்த்தால் தெருவில் நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பெரிய ரோஜா மாலையோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். கலைமணியே எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, "யாருங்க தவறிட்டது?" என்று கேட்டார். மாலை வைத்திருந்தவர் மாலையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். கலைமணி மெதுவாக என் வண்டியைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பது வருடச் சிநேகிதம் மச்சான். அவர் பையன் ஆரஞ்சுப் பழத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கடைசியாக நடந்ததைத் தாங்கள் அவள் வாயால் கேட்டிருப்பீர்கள், என் பக்கத்தையும் கேளுங்கள். மூன்றாம் தடவையாக நாள் பார்த்து, மழை விட்டு, ரோடு எல்லாம் காய்ந்து, இசைவாணி வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். புதுச் செருப்பு, தலையில் பூ. அருள்முருகன் மாடியிலிருந்து "மாமா, நூறு" என்று கை அசைத்தான். நான் சாவியைப் போட்டேன். போன் அடித்தது. கிள்ளையில் ஒரு மீனவர் வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார் என்றார்கள். நான் போனைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "ஒரு நாள்தான் வாணி, சாவு வூட்டுல எப்படி முடியாதுன்னு சொல்றது" என்றேன். அவள் கத்தவில்லை. "செத்தவங்களுக்கெல்லாம் ஏசி போட்டுக் குடுத்துட்டீங்க. எனக்கு வேணும்னா நானும் அந்தப் பெட்டியில ஏறிப் படுத்தாத்தான் உண்டு போல" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தாள். நான் கிள்ளைக்குத்தான் போனேன். போயிருக்கக் கூடாது. அங்கே போய்ச் சேர்ந்தபோது அந்த ஊரில் கரண்ட் வந்துவிட்டிருந்தது. வந்தது வந்துவிட்டீர்கள், எடுக்கும்வரை நின்றுவிட்டுப் போங்கள் என்றார்கள். நின்றேன். கடற்கரை மணலில் எல்லோரோடும் நடந்துபோகும்போது எனக்கு வந்த அழுகையைப் பார்த்து, இறந்தவருக்கு நான் ரொம்ப வேண்டியவன் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

ஆகவே மச்சான், முடிவு செய்துவிட்டேன். முதலில் பெட்டி கொண்டுவந்தாரே, அந்த ஐஸ் பெட்டிக்காரரே வண்டியைக் கேட்கிறார். அவருக்குத்தான் அது பொருத்தம், போஸ்டரைக்கூடச் சுரண்ட வேண்டாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடுவேன். இனி எந்தச் சாவு வீட்டுக்கும் நானும் போகமாட்டேன், என் ஒயரும் போகாது. ரயிலில் டிக்கெட் எடுத்து, திரும்பி வரும் தேதி போடாமல், நான் அவளை அழைத்துக்கொண்டு போகிறேன் என்று தாங்கள் சொல்ல வேண்டும். லித்தியம் என்ற வார்த்தையை அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் வராவிட்டால் இந்த வீட்டில் நான் தனியாக என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு என் முத்தங்களும் ஆசீரும். பரிசுத்த மாதா தங்கள் குடும்பத்தை எந்தக் காற்று மழையும் அண்டாமல் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் தயவை நம்பியிருக்கும்
அந்தோணிசாமி

பி.கு.: மச்சான், மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையில் போட்டுக் கோந்து தடவும்போது போன் அடித்தது. இசைவாணி. பத்து நாளில் அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "இங்க அண்ணனுக்கு எதிர்வூட்டு புஷ்பவள்ளி அம்மா விடியக்காலைல தவறிட்டாங்க, தொண்ணூறு தாண்டுனவங்க, கல்யாணச் சாவுதான். மரம் வுழுந்து தெருவுல கரண்ட் இல்ல. பொண்ணு பெங்களூர்லேர்ந்து வரணும். பெட்டி வந்துடுச்சி, எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றாள். நான் எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று உறைக்குக் கோந்து தடவிக்கொண்டிருந்தேன். "என்னா சும்மா இருக்கீங்க, வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். "நீதான வேணாம்னு போன" என்றேன். "சாவு வூட்டுல எப்படிங்க முடியாதுன்னு சொல்றது" என்றாள். குரல் உடைந்திருந்தது. அப்புறம் நர்ஸ் குரலுக்கு மாறி, "நாளைக்கு மத்தியானம் எடுத்துடுவாங்க. எடுத்ததும் வண்டிய கடலூர் பக்கம் திருப்பக் கூடாது. நான் ஏறி ஒக்காந்துடுவேன். உங்க போன அண்ணன் கையில குடுத்துடுங்க, யார் கூப்புட்டாலும் அவரு பதில் சொல்லட்டும்" என்றாள்.

ஆகவே கடிதத்தைத் தபாலில் போடாமல் கையோடு கொண்டுவருகிறேன். வண்டியை விற்பதாக எழுதிய பக்கத்தை அவள் பார்ப்பதற்குள் கிழித்துவிடுங்கள். ஐஸ் பெட்டிக்காரர் கூப்பிட்டால் வண்டி விற்பதற்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் அழுதுகொண்டே கூப்பிடுவார்கள். அவர்களிடம் முடியாது என்று சொல்லத் தங்களுக்கும் வாய் வராது, நாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவீர்கள் என்று இசைவாணி சொல்கிறாள். அதனால் எந்த வழியாகப் போகிறோம் என்று தங்களிடமும் சொல்லப் போவதில்லை.